கரித்துண்டின் முகம்

நாற்காலியைப் பின்னால் தள்ளி, தலையைச் சாய்த்து, கண்களை முக்கால்வாசி மூடிக்கொண்டு ஸ்டூடியோ அக்கா கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். புதிதாக வருகிறவர்கள், தூங்குகிறார் என்று நினைத்துத் தொண்டையைச் செருமுவார்கள். "முழிச்சுதாங்க இருக்கேன். கண்ணை இடுக்கினாதான் எது வெளிச்சம், எது இருட்டுன்னு பிடிபடும்" என்பார், அசையாமல்.

படங்களில் வெளிச்சத்தையும் நிழலையும் சரிசெய்வது அவர் வேலை. பாஸ்போர்ட் படத்துக்கு வந்த இளைஞன், "என்னைக் கொஞ்சம் கலராக்கிடுங்கக்கா" என்று நெளிந்தால், "ஆக்கலாம் தம்பி. அப்புறம் அடையாளம் தெரியாம உங்கம்மா வீட்டுக்குள்ள விடலேன்னா என்கிட்ட வரக்கூடாது" என்பார். அவன் சிரித்து முடிப்பதற்குள் நெற்றியின் பளபளப்பை மட்டும் குறைத்துக் கொடுத்துவிடுவார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. மவுஸ் பிடித்த கையில் சுண்டுவிரல் மட்டும் யாருடனும் சேராமல் தூக்கியே நிற்கும்.

மதிய இடைவேளையில்தான் சொந்த வேலை. அவருடைய தங்கை தெருநாய்க் காப்பகம் ஒன்றில் இருக்கிறாள். வளர்க்க ஆள் தேடி இணையத்தில் போடும் படங்களை அக்காதான் திருத்தித் தருவார். வெள்ளையும் செவலையும் சட்டென்று போய்விடும். கறுப்பு நாய்கள் தங்கிவிடும். படத்தில் அவற்றுக்குக் கண்ணும் தெரியாது, மூக்கும் தெரியாது. யாரோ கழற்றிப் போட்ட கோட்டுபோல் கிடக்கும். அப்படித் தங்கிப்போனவன்தான் கரித்துண்டு.

முதல் முறை, அவசரத்தில் அக்கா படம் முழுவதையும் வெளிச்சமாக்கிவிட்டார். கரித்துண்டு சாம்பல் நிறமாகிவிட்டான். ஆசையாக வந்த ஒரு தம்பதி, "நாங்க பார்த்தது சாம்பல் நாயாச்சே" என்று வெறுங்கையோடு திரும்பினார்கள். "நல்லா வெள்ளையடிச்சே போ! வந்த வீடும் போச்சு" என்று தங்கை பொரிந்து தள்ளினாள்.

மறுநாள் அதே படத்தை மறுபடி திறந்தார். பின்னாலிருந்த வெள்ளைச் சுவரின் வெளிச்சத்தை அடக்கினார். கறுப்பைக் கறுப்பாகவே விட்டுவிட்டு, அதை ஒட்டிய நிழல்களை மட்டும் கொஞ்சங்கொஞ்சமாக வெளிச்சத்துக்கு உயர்த்தினார். "எந்திரிங்க, எந்திரிங்க, விடிஞ்சிருச்சு" என்று அவற்றோடு பேச்சு வேறு. முதலில் மூக்கின் ஈரம் வந்தது. பிறகு புருவ மேடு, மீசை. கடைசியாக, இடது காதின் உள்ளோரத்தில் ஒரு சிட்டிகை பழுப்பு முடி. "அட திருட்டுப்பயலே, இதை எங்கடா ஒளிச்சு வச்சிருந்தே!" என்று அவர் போட்ட சத்தத்தில் முதலாளி கேமராவைக் கீழே போடப் பார்த்தார்.

அந்தப் படத்தைப் பார்த்து ஓர் அம்மாவும் மகளும் வருவதாகத் தகவல் வந்தது. அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலையைப் பாதியில் போட்டுவிட்டுக் காப்பகத்துக்கு ஓடினார். அங்கே நடைவழி ஒரே இருட்டு. கரித்துண்டு மூலையில் சுருண்டு கிடந்தான்.

"இதாம்மா? மூஞ்சியே தெரியலையே" என்றாள் மகள்.

தங்கை அக்காவை முறைத்தாள். அக்கா கரித்துண்டைத் தட்டி எழுப்பி, வெளியே வெயிலுக்கு அழைத்து வந்தார்.

அம்மா கைப்பேசியை அவன் முகத்தருகே பிடித்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். மூக்கு சரி. மீசை சரி. மகள் மண்டியிட்டு இடது காதைத் தூக்கிப் பார்த்தாள்.

"இருக்கும்மா! பழுப்பு இருக்கு!"

கரித்துண்டு அவள் கன்னத்தை ஒரு நக்கு நக்கினான். "சரிதான், அவனே முடிவு பண்ணிட்டான். வாடா, வீட்டுக்குப் போலாம்" என்று அம்மா கழுத்துப்பட்டைக்குக் கை நீட்டினார்.

தங்கை அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அக்கா அதைக் கவனிக்கவில்லை. தன் நிழல் கரித்துண்டின் பாதி முகத்தில் விழுந்து கிடப்பதைப் பார்த்து, அவசரமாக ஓரடி தள்ளி நின்றார்.