கிழிக்காமல் பிசைந்த மாவு

‘ஆவணி மூன்றாம் ஞாயிறு. பொருள்: நிலைப்புள்ளித் தேற்றம். வந்தவர் பதினான்கு. இறுதிவரை இருந்தவர் ஐவர்.’ அருப்புக்கோட்டையில் எங்கள் வாசகர் வட்டத்தின் பதிவேட்டில் என் உரையைப் பற்றி இருப்பது இவ்வளவுதான். அந்த ஐவரில் செயலாளரும் நானும் அடக்கம் என்பதைப் பிறகு சரிபார்த்துக்கொண்டேன்.

அதற்கு அடுத்த பதிவு: ‘புரட்டாசி இரண்டாம் ஞாயிறு. அதே பொருள். நாற்காலி போதவில்லை.’

இரண்டாவதாகப் பேசியவன் என்னோடு கல்லூரியில் கணிதம் படித்தவன். நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றேன். அவன் பந்தல்குடிப் பக்கம் தூத்துக்குடி சாலையில் புரோட்டாக் கடை வைத்தான். புரட்டாசியில் கறி வியாபாரம் படுத்துவிடும், ஞாயிறு மதியம் சும்மா இருப்பான். அதற்கு முன் ஆவணியில் என் உரையைக் கடைசிவரை கேட்டவர்களில் அவனும் ஒருவன். வெளியே டீக்கடையில் சொன்னான்: “ஏலே, எல்லாம் சரியாத்தான் சொன்ன. ஆனா பசியோட வந்தவனுக்கு ஒரு வாய்கூட ஊட்டலியே.” செயலாளர் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டார். அவனுக்கு வாய்ப்பு வந்தது அப்படித்தான்.

பொறாமைப்பட்டேன். கூட்டத்துக்காக மட்டுமல்ல, என் மனைவியும் போனாள் என்பதற்காக. அவள் திருச்சுழிப் பக்கம் பள்ளிகளில் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். திருமணமான நாள் முதல் என் உரை எதற்கும் வந்ததில்லை. கணிதத்தில் ஒரே ஒரு கேள்வி, அவளாகவே என்னிடம் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதை அவளிடம் சொன்னதில்லை. அன்று தெருப் பெண்கள் கூப்பிட்டதும் கிளம்பினாள். “அந்த அண்ணன் வடையெல்லாம் கொண்டாராகளாம். நீங்களும் வாரீகளா?” என்று என்னைக் கேட்டாள்.

மேசையில் இரண்டு தட்டுகள். ஒன்றில் ஆமவடை, மற்றதில் உளுந்த வடை. ஆமவடையை இருந்த இடத்திலேயே வைத்து வட்டமாகத் திருப்பினான்.

“எல்லாம் நகருது. எது நகரல?”

“நட்ட நடு!” என்றார் முன்வரிசைப் பெண் ஒருவர்.

உளுந்த வடையைத் திருப்பினான். “இப்ப?”

“அங்கதான் ஓட்டையால்ல இருக்கு!”

“அம்புட்டுத்தான். ஓட்டை இல்லாத வடைக்கு நகராத எடம் ஒண்ணாவது இருக்கும். ஓட்டை விழுந்துருச்சுன்னா அந்த உறுதி கெடையாது.”

இதைச் சொல்ல நான் நாற்பது நிமிடமும் ஒரு கரும்பலகை முழுவதும் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் மனைவி கை தூக்கி எழுந்தாள். “அண்ணே...” என்று தொடங்கினாள். அந்த ஒரு சொல்லோடு எனக்குக் காது அடைத்துவிட்டது. அவள் நீளமாக ஏதோ கேட்பதும், அவன் வடையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்ப்பதும் மட்டும் தெரிந்தது. “தங்கச்சி, மாவப் பிசைஞ்சு சொன்ன பாரு, தேற்றமே அதுதான்!” என்றான். கைதட்டினார்கள்.

நான் எழுந்தேன். “ஒரு திருத்தம். மாவைப் பிசையும்போது கிழிந்தால் தேற்றம் நிற்காது. அந்த நிபந்தனையை யாருமே சொல்லவில்லை.”

“ஏலே, தங்கச்சிதான் மொதல்லயே ‘கிழிக்காம’ன்னு சொல்லிருச்சே. நீ எங்க இருந்த?”

அரங்கம் சிரித்து அடங்க நேரம் பிடித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

கைபேசியில் வந்த காணொளியை மறுநாள் மூன்று முறை கேட்டேன். அவள் கேட்டது இது: “அண்ணே, திருப்புறது சரி. தட்டு நெறைய மாவ அமுக்கி வச்சு, அத எடுத்துக் கிழிக்காம பிசைஞ்சு, திரும்ப அதே தட்டுல அமுக்குனா, ஒரு துணுக்காவது பழைய எடத்துலயே வந்து நிக்குமா?” சொல்லுக்குச் சொல் தெளிவாக இருக்கிறது. முப்பத்துச் சொச்சம் ஆண்டு வகுப்பெடுத்த எனக்கு எந்த மாணவரும் இதைவிடச் சுத்தமாக ஒரு தேற்றத்தைச் சொன்னதில்லை.

ஆனால் இதெல்லாம் மறுநாள். அன்று ஸ்கூட்டரில் திரும்பும்போது ரயில்வே கேட்டில் நின்றோம். கேட் மூடியிருந்தது.

“நான் சொன்னதத்தான் திருப்பிச் சொன்னீக. காதுல விழலயா?”

“இரைச்சலா இருந்துச்சு.”

“ஒரு சத்தமும் இல்ல. எல்லாரும் என்னையத்தான் பாத்தாக. நீங்க அவரப் பாத்துக்கிட்டு இருந்தீக.”

வண்டியை அணைத்தேன். பிறகு கேட்டேன்: “இத ஏன் எங்கிட்ட ஒரு நாள்கூடக் கேக்கல?”

“கேட்டேனே. கல்யாணமான புதுசுல, சப்பாத்திக்கு மாவு பிசையும்போது. ‘இதெல்லாம் உனக்கு வெளங்காது, தண்ணியக் கொறச்சு ஊத்து’ன்னு சொன்னீக. அதுக்கப்புறம் நான் கேக்கல.”

சரக்கு ரயில் போய் முடியும்வரை வண்டிகளின் நடுவே அப்படியே நின்றோம்.

நாள்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்குத் திருமணத்துக்கு முந்தையது. திருமணமான ஆண்டின் குறிப்பேட்டை எடுத்து நாள்வாரியாகப் படித்தேன். எனக்கு வந்த கடிதங்கள், மழை பெய்த நாட்கள், நான் படித்து முடித்த புத்தகங்கள், சப்பாத்தி மாவு இளகிப்போனது உட்பட எல்லாம் இருக்கின்றன. அவள் எதையோ கேட்டதாக ஒரு வரிகூட இல்லை. கேட்காததால் எழுதவில்லையா, கேட்டும் எழுதத் தோன்றவில்லையா என்பதற்கு வேறு சான்று கிடைக்கவில்லை. அவள் உறுதியாகச் சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. இதை எழுதும் இன்றுவரை அது சரிபார்க்கப்படாத செய்தியாகவே இருக்கிறது.