பொல்லு முதலில் ஏறும்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, நயினாதீவுக்குப் படகு ஏறும் குறிகட்டுவான் இறங்குதுறையில் இரண்டு பேர் என்னைத் தூக்கிப் படகுக்குள் போட்டார்கள்.

தொண்ணூற்றிரண்டு கிலோ. வெள்ளை வேட்டி, தோளில் சால்வை… அப்படியே தூக்கினார்கள்!

வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். புதியவர்களுக்காக — நான் காப்புறுதிக் கம்பனிகளுக்காக வழக்காடும் சட்டத்தரணி. கார் இடித்தவர் நட்டஈடு கேட்பார். "அவ்வளவு பெரிய அடி இல்லை" என்று சொல்லக் கம்பனி என்னை அனுப்பும். கல்யாண வீடுகளில் என் பக்கத்துக் கதிரை கடைசியாகத்தான் நிரம்பும்.

அப்போது கையில் இருந்தது பாக்கியம் அக்காவின் வழக்கு. (வழக்கு முடிந்துவிட்டது. கம்பனியும் அக்காவும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர் மாற்றியிருக்கிறேன்.) நயினாதீவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தவர். மண்கும்பானில் பஸ்ஸுக்கு நின்றபோது கார் இடித்து இடுப்பெலும்பு உடைந்தது. ஊன்றிக்கொள்ளப் பொல்லு இல்லாமல் நடக்க முடியாது, அடுப்படியில் நிற்க முடியாது, கடை பூட்டு. நட்டஈடு கிடைத்தால் உதவிக்கு ஆள் வைத்துத் திறக்கலாம். கிடைக்காவிட்டால் அவ்வளவுதான்.

கம்பனி கொழும்பிலிருந்து ஓர் ஆளை ரகசியமாக அனுப்பியது. அவர் ஒரு வீடியோவோடு வந்தார். பதினொரு விநாடி. இறங்குதுறையில் சனக்கூட்டம். தலைகளுக்கு மேலே பாக்கியம் அக்கா எழும்புகிறார்… படகுக்குள் இறங்குகிறார். கையில் பொல்லு இல்லை!

கம்பனி மனேஜர் போனில் துள்ளினார். "சேர், அந்த அம்மா பாயுறாங்க! கோர்ட்ல இதைப் போட்டா கேஸ் முடிஞ்சுது."

நானும் துள்ளினேன். பொய் சொல்ல மாட்டேன். குறுக்கு விசாரணைக்குக் கேள்விகள் எழுதி வைத்துவிட்டேன். "அம்மா, அன்றைக்குப் பொல்லு எங்கே?" என்பது கடைசிக் கேள்வி. அதன் கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து எனக்கு முழங்கால் நோ முற்றியது. மனைவி நயினாதீவு அம்மனுக்கு அர்ச்சனை நேர்ந்துவிட்டார். அவர் ஆசிரியை, பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம், ஆகவே நான் தனியாகப் போனேன். படகென்றால் எனக்குப் பயம். அந்தப் பக்கம் போய் இருபது வருடமாவது இருக்கும்.

வரிசையில் எனக்கு முன்னால் யார்? சாட்சாத் பாக்கியம் அக்கா!

எதிர்த்தரப்புக்காரரோடு, அவருடைய சட்டத்தரணி இல்லாமல் வழக்குப் பேசக் கூடாது. அது தொழில் ஒழுக்கம். நான் வானத்தைப் பார்த்தேன்.

"சேர், வழக்குக் கதைக்கக் கூடாதெல்லோ?" என்றார் அக்கா.

"ஓம் அக்கா, கூடாது."

"அப்ப கச்சான் தின்னுங்கோ."

ஒரு கை வறுத்த கச்சான் கடலை என் உள்ளங்கையில் விழுந்தது. இது லஞ்சத்தில் சேருமா? சட்டப் புத்தகம் கைவசம் இல்லை. சாப்பிட்டேன்.

படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. படகுக்காரர் அன்ரன் அக்காவின் பொல்லை வாங்கி உள்ளே எறிந்தார். "பொல்லு முதல், ஆள் பிறகு! காலை மடக்குங்கோ அக்கா!" பின்னால் ஒருவர், படகுக்குள் ஒருவர். அலை படகைத் தூக்கிய அந்தக் கணத்தில், கக்கத்தில் பிடித்து ஒரே தூக்கு! அக்கா உள்ளே போய், பொல்லைத் தேடி எடுத்து, நோவில் முகம் சுளித்துக்கொண்டு பலகையில் இருந்தார்.

அதே பதினொரு விநாடி! கூட்டத்துக்குப் பின்னால் நின்று படம் பிடித்தால் தூக்குகிற கைகள் தெரியாது. எழும்புகிற ஆள் மட்டும்தான் தெரியும். தீவாருக்கு இது நாளாந்தம். கொழும்புக்காரருக்கு இது பாய்ச்சல்.

அன்ரன் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, தட்டைத் தாங்கோ! மடக்குங்கோ!"

அர்ச்சனைத் தட்டு முதலில் போனது. பிறகு நான் பறந்தேன்.

அம்மனிடம் முழங்காலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேள்விக்குக் கீழே போட்ட அந்த இரண்டு கோட்டுக்காக மன்னிப்புத்தான் கேட்டேன். வெட்கமாக இருந்தது.

நான் யாருடைய சட்டத்தரணி? கம்பனியின். அவர்களுக்காக வைத்தியரின் அறிக்கையை வரி வரியாகக் குடையலாம், கடைசி மட்டும் இழுத்துப் பிடிக்கலாம். ஆனால் பொய்யென்று தெரிந்த படத்தை நீதிபதிக்கு முன்னால் நீட்டலாமா? மாட்டேன் என்றால் மனேஜர் வேறு லோயரைத் தேடுவார். பன்னிரண்டு வருடச் சோறு…

திரும்பும்போது நயினாதீவு இறங்குதுறையில் என் போனை ஒரு பக்தரிடம் கொடுத்தேன். "தம்பி, என்னைத் தூக்கேக்கை சனத்துக்குப் பின்னாலை நிண்டு எடும்."

அன்று மாலையே அந்த வீடியோவை மனேஜருக்கு அனுப்பினேன். கீழே ஒரே வரி: இவருக்கு முழங்கால் நோ இருக்குமா?

உடனே போன் வந்தது. "சான்ஸே இல்ல சேர்! மான் மாதிரிப் பாயுறார். யாரு சேர் அது?"

"நான்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டும் அனுப்பவா?"

தூக்குகிற கைகளைப் பற்றிச் சொன்னேன். மறுமுனையில் ஒரு சிரிப்பு… அப்பாடா! எனக்கு உயிர் வந்தது. அக்காவின் வீடியோ நீதிமன்றப் படி ஏறவில்லை. போன திங்கட்கிழமை வழக்குச் சமாதானமாக முடிந்தது. நட்டஈடும் நியாயமானதுதான்.

நீதிமன்ற வாசலில் பாக்கியம் அக்கா மறித்தார். "சேர், இப்ப கதைக்கலாமோ?"

"தாராளமாய் அக்கா!"

"அடுத்த கிழமை கடை திறக்கிறன். முதல் சாப்பாடு உங்களுக்குத்தான், காசு வேண்டாம். கட்டாயம் வரவேணும்."

"வாறன். ஆனா காசு வாங்காட்டி நான்தான் வழக்குப் போடுவன்!"

கோட்டு வாசலில் நாங்கள் சிரித்த சிரிப்பில் பொலிஸ்காரர் எட்டிப் பார்த்தார்.

இத்தோடு சுபம் போட்டிருக்கலாம். நேற்று என் மனைவி கையில் என் போன், அதில் அந்த வீடியோ.

"இஞ்சருங்கோ… முழங்கால் ஏலாது எண்டு ஆறு மாசமாக் காஸ் சிலிண்டரை என்னைத் தூக்க விட்டனீங்கள். இதென்ன பாய்ச்சல்?"

படகு, அலை, கக்கம், அன்ரன்… எல்லாம் விளக்கினேன். நம்பவில்லை. கொழும்பு மனேஜரே எவ்வளவோ மேல்!

சிலிண்டர் இப்போது என் பொறுப்பு. மேன்முறையீட்டுக்கு இடமில்லை.