நாலு பக்கமும் திறந்த பரண்

1995 மார்ச் மாதத்துச் சனிக்கிழமைகள் நான்கையும் ஒரு பரணுக்குக் கொடுத்தேன். அந்த வருட நாட்குறிப்புக் கொப்பியில் ஒவ்வொரு சனிக்கும் ஒரு பக்கம் இருக்கிறது: மழையா வெயிலா, லின்ஃபீல்டில் எங்கள் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குப் புறப்பட்டோம், எத்தனை கம்பம் நட்டோம்.

நானும் என் மனைவியின் தம்பியும் அப்போது ஏவன்டேலில் ஒரு தொழிற்சாலையில் அலுமாரிக் கதவுகள் தேய்த்துக்கொண்டிருந்தோம். யாழ்ப்பாணத்தில் நான் பதினொரு வருடம் படவரைஞராக இருந்தவன். புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில் அந்தச் சான்றிதழை ஒருவரும் விரித்துப் பார்க்கவில்லை. எங்கள் சூப்பர்வைசருக்கு நகரத்துக்கு வடமேற்கே, காட்டோரமாக ஒரு காணி இருந்தது. மான் சுட அங்கே ஒரு பரண் வேண்டும் என்றான். நன்றாகக் கட்டித் தந்தால், வீடு கட்டும் தொழில் செய்யும் தன் அண்ணனிடம் என்னைப் படம் வரையும் வேலைக்குச் சொல்லிவிடுவதாகவும் சொன்னான். அதற்குப் பிறகு அவன் சொன்ன வேறெதுவும் என் காதில் ஏறவில்லை.

நான் பரணில் ஏறியதே இல்லை. மச்சான் வன்னியில் தகப்பனின் வயலுக்குக் காவல் இருந்தவன். ஆகவே அவன் சொல்ல நான் வரைந்தேன். பன்னிரண்டு அடி உயரம், நாலு கம்பம், தகரக் கூரை. சுற்றிவரப் பலகை அடிப்பதா என்று கேட்டேன்.

“உங்களுக்கென்ன விசரே, அத்தான்? நாலு பக்கமும் தெரியவேணும். காட்டுப் பண்டி எந்தப் பக்கத்தாலை வருமெண்டு ஆருக்குத் தெரியும்?”

சரியாகத்தான் பட்டது. இரண்டாம் சனிக்கிழமைப் பக்கத்தில் ‘மச்சான் சொற்படி நாலு பக்கமும் திறப்பு’ என்று எழுதினேன். படத்தின் கீழ் மூலையில், யாழ்ப்பாணக் கந்தோரில் வரைந்த பழக்கத்தில், திகதி போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

ஈரக் களிமண்ணில் மூன்றடி ஆழம் தோண்டினோம். ஒவ்வொரு கம்பமும் நேராக நிற்கிறதா என்று நான் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தேன். மான் என்ன மட்டம் வைத்தா பார்க்கப்போகிறது என்று மச்சான் சிரித்தான்.

நாலாம் சனி பின்னேரம் சூப்பர்வைசர் துவக்கோடு வந்து ஏறி உட்கார்ந்தான். காட்டு விளிம்புக்கு இரண்டு மான் வந்தன. அவன் துவக்கைத் தூக்குமுன் அவனைப் பார்த்துவிட்டு ஓடின. இறங்கி வந்து, இதில் நான் எங்கே ஒளிவது என்று கேட்டான்.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எங்களுக்குத் தெரிந்த பரண் மிருகத்தைத் துரத்துவதற்கு. அதில் இருப்பவன் கத்துவான், தகரத்தில் தட்டுவான். ஆள் இருப்பது மிருகத்துக்குத் தெரியவேண்டும். கொல்வதற்காக ஒளிந்திருப்பவனை நாங்கள் இருவரும் நினைத்தே பார்க்கவில்லை.

இது யாருடைய யோசனை என்றான். மச்சான் சுருட்டி வைத்திருந்த படத்தை எடுத்து விரித்து, கீழ் மூலையில் விரலை வைத்தான்.

திரும்பி வரும்போது காரில் மச்சான்தான் முதலில் கதைத்தான்.

“நீங்கள்தானே அத்தான் கையெழுத்து வைச்சனீங்கள். எனக்கு இன்னும் விசா சரிவரேல்லை.”

‘மச்சான் சொற்படி’ என்று எழுதிய கொப்பி என் மடியில்தான் இருந்தது. நான் திறக்கவில்லை. மனைவிக்கும் காட்டவில்லை. காட்டினால் அவள் யார் பக்கம் நிற்பாள் என்று அறிய எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த கிழமை சூப்பர்வைசர் மூன்று பக்கமும் பலகை அடித்து மறைத்தான். உதவிக்கு மச்சானை மட்டும் கூட்டிப்போனான். ஜூனில் மச்சான், வீடு கட்டும் அந்த அண்ணனிடமே தச்சு வேலைக்குப் போனான். நான் இன்னும் நாலு வருடம் கதவு தேய்த்தேன்.

ஜூலையில் ஒரு ஞாயிறு, மச்சான் ஒரு மான் தொடையோடு வீட்டுக்கு வந்தான். மனைவி கறி வைத்தாள்.

“அந்தப் பரணிலை இருந்து சுட்டது, அத்தான். கம்பம் காத்துக்குக்கூட ஆடேல்லை.”

நான் இரண்டாந்தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைய பக்கத்தில் ‘மான் இறைச்சி, நல்ல ருசி’ என்று மட்டும் இருக்கிறது.