அத்திம்பேரின் காரில் ஒரு குருவி

சென்ற வாரம் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வாடகைக் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். செம்பூர் நாக்காவைத் தாண்டியதும் வண்டிக்குள் எங்கிருந்தோ ‘கிரிச், கிரிச்’ என்று ஒரு சத்தம் கிளம்பியது. காதைத் தீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டேன். எல்லாம் பழக்கதோஷம். பிறகு டிரைவர் பையனிடம், “பையா, குச் ஆவாஜ் ஆ ரஹா ஹை,” ஏதோ சத்தம் வருகிறதே, என்றேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பாட்டை இன்னும் உரக்க வைத்தான். “அப் நஹீ ஆயேகா, ஆண்ட்டி,” என்றான். இனிமேல் வராதாம். சத்தமும் கேட்கவில்லைதான். இப்படி ஒரு சுலபமான வைத்தியம் அறுபதுகளில் எங்களுக்குத் தெரியாமல் போயிற்றே என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தெரிந்திருந்தாலும் பயனில்லை. எங்கள் அத்திம்பேரின் காரில் ரேடியோ கிடையாது. பாதி நாள் ஒரு கதவுக்குக் கைப்பிடியும் கிடையாது. வெயிலில் காய்ந்த ரெக்ஸின் சீட்டும் பெட்ரோலும் கலந்து ஒரு வாசனை வரும் பாருங்கள், எனக்கு அதுதான் பம்பாய். ஊரை விட்டு வந்த புதிதில் கடல் நாற்றம், மில் புகை, லோக்கல் ரயிலின் வியர்வை எல்லாம் மூக்கில் ஏறின. ஆனால் மனதில் தங்கியது இந்த ஒன்றுதான்.

எஸ்.எஸ்.எல்.ஸியும் டைப்ரைட்டிங்கும் முடித்துவிட்டுப் பாலக்காட்டிலிருந்து வந்து, செம்பூரில் ராஜம் அக்காவின் வீட்டில்தான் நான் தங்கியிருந்தேன். அக்காவின் கணவரான அத்திம்பேர் கோட்டைப் பகுதியில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் ஸ்டெனோ. அவருடைய துரைக்குத் தொண்டைக்குப் பதிலாக அண்டா இருந்ததோ என்னவோ, அப்படி ஒரு கனத்த குரல். துரை சொல்லச் சொல்ல அத்திம்பேரின் பென்சில் ஓடும். ஒரு வார்த்தை சிந்தாது என்று ஆபீஸில் பெயர். அந்தத் துரை புது வண்டி வாங்கியபோது பழையதை இவர் தலையில் கட்டிவிட்டார். அத்திம்பேரோ பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் சாவியை வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் கட்டடத்தில் அதுவரை யாரிடமும் கார் கிடையாது. எனவே அது அவருடைய காராக இருந்ததைவிடக் கட்டடத்தின் காராக இருந்ததுதான் அதிகம்.

வண்டி வந்த சில மாதங்களில் அந்தச் சத்தம் ஆரம்பித்தது. மெல்லிய, உச்சஸ்தாயி கிரீச்சல். ‘குருவி’ என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டோம். வண்டி நின்றால் குருவி வாயைத் திறக்காது. கொஞ்சம் வேகம் எடுத்தால் பாட ஆரம்பிக்கும். இன்னும் வேகம் எடுத்தால் துரித காலம். இதனால் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உற்றுப் பார்ப்பதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. இருந்தாலும் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்த ஆண்கள் எல்லோரும் நெற்றியில் விபூதியோடு வண்டியைச் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்களுக்கு அக்கா மாடியிலிருந்து காபி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறகு ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று முடிவாயிற்று. வண்டியில் எத்தனை பேர் கொள்ளுமோ அதற்கு மேல் ஏறிக்கொண்டு, அந்நாளில் ஆளரவமே இல்லாத டிராம்பே ரோடு வழியாகப் போய்த் திரும்புவார்கள். ஒருவர் தலையைச் சீட்டுக்கு அடியில் நுழைத்துக்கொள்வார். ஒருவர் கதவில் காதை ஒட்டவைத்துக்கொள்வார். எனக்குப் பாம்புச் செவி என்று நானே சொல்லிக்கொண்டு நானும் ஏறிவிடுவேன். “சைலன்ஸராத்தான் இருக்கணம்,” என்பது என் தீர்ப்பு. காரில் எனக்குப் பெயர் தெரிந்த ஒரே பாகம் அதுதான்.

கீழ் வீட்டு மணி மாமா பாங்கியில் குமாஸ்தா, சனிக்கிழமைகளில் மாட்டுங்கா பஜனையில் மிருதங்கம். அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டியபடி வருவார். “ஓய், இது மிச்ர சாபுவாக்கும்,” என்றார் ஒரு நாள். “ஏழு. தகிட தகதிமி. நாலு சக்கரத்திலே ஏழு எப்படி ஓய் வரும்? ஒரு சக்கரம் அரை அட்சரம் தள்ளி விழறது.” அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான்கு சக்கரங்களையும் கழற்றிப் பூட்டினார்கள். குருவி அதே சாபுவில் பாடியது. அப்போதும் மாமா அசரவில்லை. “நடை மாறியிருக்கு, கவனிச்சேளா?” என்றார்.

இதில் எங்களை எல்லாம் எரிச்சல்படுத்தியது அத்திம்பேர்தான். “எங்கே சத்தம்? நன்னாத்தானே ஓடறது? நீங்கள்ளாம் சேர்ந்து என் வண்டிக்கு இல்லாத வியாதியைக் கொண்டுவரேள்,” என்பார். குருவி காதைத் துளைத்துக்கொண்டிருக்கும்போதே இப்படிச் சொல்வார். தன் வண்டியைக் குறை சொன்னால் மனிதருக்குப் பொறுக்கவில்லை, கழுத்து வரைக்கும் வறட்டு கௌரவம் என்று முடிவு கட்டினோம். நானும் அதையேதான் நினைத்தேன்.

வண்டி விவகாரமாவது சிரிப்புக்கு இடமானது. வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது அப்படி இல்லை. அக்காவின் குரல் மிக மெல்லியது. ஊரில் நவராத்திரி வந்தால் பாடச் சொல்லி அவளைத்தான் வீட்டுக்கு வீடு கூப்பிடுவார்கள். அவள் அடுக்களையிலிருந்து அத்திம்பேரைக் கூப்பிடுவாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்க மாட்டார். மறுபடி கூப்பிடுவாள். ஒரு பதிலும் வராது. ஆனால் வாசலில் பால்காரன் வந்து நின்று பேசினால் பதில் சொல்வார். மணி மாமா எதிரில் உட்கார்ந்து சிரித்தால் கூடச் சிரிப்பார். நான் காபியை நீட்டி ஏதாவது கேட்டால்கூடப் பதில் உண்டு. அவளுக்கு மட்டும்தான் இல்லை.

“நான் சுவரோட பேசிண்டிருக்கேண்டி,” என்று ஒரு நாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள். “ஒரு வருஷமா இப்படித்தான். சண்டை போட்டாலாவது பரவாயில்லை. நான் ஒருத்தி இருக்கேன்கறதே அவருக்கு மறந்துபோச்சு. நம்ம ஊர்க்காரி, மாட்டுங்கா மாமி வெள்ளிக்கிழமை ஊருக்குப் போறாளாம். துணை இருக்கு. நானும் கிளம்பிடறேன்.”

“எப்ப வருவே?”

கத்தி மட்டும் வேகமாக ஓடியது. அவளில்லாமல் அந்த வீட்டில் நான் எப்படி இருப்பேன் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கல்யாணமான பெண் அந்த நாளில் அப்படித் தனியாகப் பிறந்த வீட்டுக்குப் போய் இறங்கினால் தெருவே வாசலில் வந்து நிற்கும். அதெல்லாம் தெரிந்துதான் அவள் சொல்கிறாள் என்றால் எவ்வளவு புண்பட்டிருக்க வேண்டும்!

மாமியோடு பயண ஏற்பாடு பேச மாட்டுங்காவுக்குப் போவதற்கென்று குறித்த நாளில், அத்திம்பேர் காலையிலேயே வண்டியைக் குர்லாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தார். மணி மாமாவின் தொந்தரவு தாங்காமல்தான் விட்டது. தாராவியிலிருந்து வந்து அங்கே கொட்டகை போட்டிருந்த சுடலைமுத்து என்கிற திருநெல்வேலிக்காரர்தான் மெக்கானிக். வண்டியை விடும்போது மணி மாமாவும் கூடப் போயிருந்தாராம். தாளக் கணக்கைப் பொறுமையாகக் கேட்ட சுடலைமுத்து, “மத்தவங்க சொல்லுதது கெடக்கட்டும் சார். வண்டி ஒங்களுது. ஒங்க காதுக்கு எங்கன கேக்கு, அத மொதல்ல சொல்லுங்க,” என்று அத்திம்பேரைக் கேட்டிருக்கிறார். அத்திம்பேர் கொஞ்சமும் தயங்காமல், டிக்டேஷனைத் திருப்பி வாசிக்கிற மாதிரி, சத்தத்தின் குணம், கியர், திருப்பம், முன்பக்கத்து இடது சக்கரம் என்று ஒப்பித்தாராம். “இம்புட்டு வெவரமா எவரும் சொன்னதில்ல சார்,” என்று சுடலைமுத்துவுக்கு ஒரே மகிழ்ச்சி. அத்தனையும் நாங்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னவை என்று மணி மாமாவுக்குக்கூட உறைக்கவில்லை.

சாயங்காலம் அக்காவும் நானும் குர்லாவுக்கே போய்விட்டோம். இடது சக்கரத்தைப் பிரித்து கிரீஸ் வைத்து மூடியாயிற்று. அத்திம்பேருக்கு வாயெல்லாம் பல். அக்கா முன்சீட்டில் உட்கார மாட்டேன் என்று பின்னால் ஏறிக்கொண்டாள். நானும் அவள் பக்கத்தில் ஏறினேன். குர்லா நெரிசலை விட்டு வெளியே வந்து வண்டி கொஞ்சம் வேகம் பிடித்ததுதான் தாமதம், கிரிச், கிரிச். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“பாத்தியோ ராஜம்?” என்றார் அத்திம்பேர், சாலையைப் பார்த்தபடியே. “சுத்தமா நின்னுடுத்து. இப்ப எல்லாரும் என்ன சொல்றான்னு பாக்கறேன்.”

“ஏன்னா,” என்றாள் அக்கா அவர் முதுகைப் பார்த்து, “நான் மாமியோட ஊருக்குப் போறேன்.”

அவர் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டு ஓட்டினார்.

“திரும்பி வரதா இல்லை.”

“சுடலைமுத்துவுக்குத் தங்கமான கை,” என்றார் அவர்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் அத்தனை நாளாக இருந்த கோபம் எங்கேயோ போய்விட்டிருந்தது. “அவருக்குக் கேக்கலைடி,” என்றாள். குருவியைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கும் அப்போது புரிந்துவிட்டது.

எட்டி அவர் தோளைத் தொட்டாள். அவர் திடுக்கிட்டுப்போய், சயானுக்குச் சற்று முன்னால் வண்டியை ஓரங்கட்டினார். திரும்பியவரின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய், “குருவி இன்னும் கத்திண்டுதான் வந்தது,” என்றாள் அக்கா. அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எஞ்சினை அணைத்தார்.

“யார்கிட்டயும் சொல்லிடாதேங்கோ,” என்றார் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து. “ஸ்டெனோவுக்குக் காது போச்சுன்னா அப்புறம் என்ன இருக்கு? துரை குரல் கனம், அது விழறது. எதிரிலே இருந்து பேசினா வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கறேன்.” அக்கா பக்கம் திரும்பினார். “உன் குரல்தான், ராஜம். உன் குரல்தான் மொதல்லே போச்சு.”

“நான் என்னவோ, உங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுத்துன்னு...” அதையும் அக்கா தலையைக் குனிந்துகொண்டு, அதே மெல்லிய குரலில்தான் சொன்னாள்.

“என்ன?” என்றார் அத்திம்பேர் பரிதாபமாக.

அக்கா மூச்சை இழுத்துப் பிடித்தாள். “ஒண்ணுமில்லைன்னேன்!” என்று கத்தினாள் பாருங்கள், நடைபாதையில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அத்திம்பேருக்கும்தான். நான் பின்சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அக்கா இறங்கி முன்னால் போய் ஏறினாள்.

மாட்டுங்காவில் மாமி, “சாமானெல்லாம் கட்டியாச்சா?” என்று கேட்டாள். “நான் வரலை மாமி,” என்றாள் அக்கா. “கார் சத்தம் போடறது. நான் பக்கத்திலே இல்லைன்னா அவருக்குத் தெரியாது.” ஒரு காருக்காக ஊருக்குப் போகாமல் இருக்கிற பெண்ணை மாமி அதற்கு முன் பார்த்திருக்க மாட்டாள்.

பிறகு ஒரு நாள் சுடலைமுத்துவே வண்டியை ஓட்ட, அக்கா முன்சீட்டில் உட்கார்ந்து, இங்கேதான் என்று விரலை நீட்டினாள். வேகம் காட்டும் முள் இருக்கிறதே, அதற்குப் பின்னால் போகிற கம்பிச் சரடு எண்ணெய் காய்ந்துபோய்க் கிடந்தது. நாலு சொட்டு எண்ணெய் விட்டதும் குருவி பறந்துபோயிற்று. மணி மாமா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அது முதல் அந்தக் காருக்கு அக்காதான் காது. அவர் ஓட்டுவார், அவள் கேட்பாள். ஏதாவது உரசினால் அவர் கையைத் தொட்டு, நேராகப் பார்த்துச் சொல்வாள். துரை சீமைக்குப் போகும் வரை ஆபீஸிலும் அத்திம்பேர் ஒப்பேற்றிவிட்டார். அதற்குப் பிறகு ரெக்கார்டு அறைக்கு அவரே கேட்டு மாறிக்கொண்டார்.

அந்தக் கார் துண்டு துண்டாகக் குர்லாவுக்கே போய்ச் சேர்ந்தது. எங்கள் கட்டடம் இருந்த இடத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற ஒரு கட்டடம் நிற்கிறது. டிராம்பே ரோடில் இன்றைக்குக் குருவியைத் தேடிப் போனால் லாரி ஹாரன்தான் கேட்கும். இதற்கெல்லாம் நான் வருத்தப்படுவதில்லை. எனக்குப் போனது வேறு.

சயானில் கத்தினாளே, அன்றிலிருந்து அக்கா அடித்தொண்டையிலிருந்து பேசப் பழகிக்கொண்டாள். கனமாக, நிறுத்தி நிறுத்தி. முதலில் அத்திம்பேரிடம் மட்டும்தான். நாளடைவில் எல்லோரிடமும் அப்படியே ஆயிற்று. பாடுவதை எப்போது விட்டாள் என்றே எனக்குத் தெரியவில்லை. அத்திம்பேர் காலமான வருஷம் நவராத்திரிக்கு நாங்கள் இரண்டு பேர்தான் வீட்டில். “அக்கா, ஊர்லே பாடுவியே, அதுமாதிரி மெல்லப் பாடேன்,” என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு மூன்று தடவை ஆரம்பித்துப் பார்த்தாள்.

“வரமாட்டேங்கறதுடி,” என்றாள், தெருவுக்கே கேட்கிற குரலில்.