நீலச் சட்டையும் சித்தூர் பஸ்ஸும்

அலர்மேல்மங்கை சிஸ்டர் முறைத்தால் காய்ச்சல் திருமலைப் படியேறி ஓடிவிடும். சரி, கூட்டித்தான் சொல்கிறேன். படி வரைக்கும் ஓடாது. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடும்.

முட்டி ஆபரேஷனுக்காகத் திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கிழவி நான் படுத்திருந்தபோதுதான் அந்த ஆஸ்பத்திரி வேறு முதலாளி கைக்கு மாறியது. வாசலில் பழைய பலகையை இறக்கினார்கள். நர்சுகளுக்குப் புது உடுப்பு வந்தது. பாதிப் பேருக்குப் பச்சை, பாதிப் பேருக்கு நீலம். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நீலம் வாங்கியவர்களைச் சித்தூர்க் கிளைக்கு அனுப்பப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு மட்டும் கிளம்பியது.

ஹரிதாவுக்கு நீலம். ராமகுப்பத்துப் பெண், வார்டிலேயே புதுசு, வீட்டில் பால்குடிக் குழந்தை. என் கட்டைப் பிரித்துக்கொண்டே அழுதாள். அந்தக் கண்ணீரில் ஒரு குடம் நிரப்பியிருக்கலாம்.

அங்கே ஷிப்ட் மாறும்போது, போகிற நர்சு வருகிற நர்சைக் கட்டில் கட்டிலாக அழைத்துப்போய் நோயாளிகளை ஒப்படைப்பாள். பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். நினைத்ததைச் சொன்னால் வார்டுப் பொறுப்பாளரான அலர்மேல்மங்கை விடமாட்டாள். வதந்திக்கும் அதே சட்டம்தான்.

"அக்கா, நீலம்னா சித்தூராம்" என்றாள் ஹரிதா.

"ஆர்டரப் பார்த்தியா?"

"இல்ல. லேப்ல பேசிக்கினு இருந்தாங்க."

"அப்ப நீ பார்த்தது இன்னா?"

"நீலச் சட்டை."

"அத மட்டும் சொல்லு. இப்ப போய் அந்தத் தாத்தாவுக்கு ட்ரிப் மாத்து."

அன்றே, வார்டைச் சுற்றிப் பார்க்க வந்த புது மேனேஜர் மோகன்ராஜை என் கட்டில் அருகே நிறுத்திவிட்டாள்.

"சார், நீலம் எதுக்கு?"

"கடையில பச்சைத் துணி தீந்துபோச்சு, சிஸ்டர்."

வார்டே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. "சித்தூருக்கு யாரு?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "வார்டுக்கு ஒருத்தர் போகணும். இன்னும் முடிவாகல. ஆனா, புதுசா சேர்ந்தவங்களத்தான் அனுப்புவோம்."

சிரிப்பு அடங்கியது. ஹரிதா கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

"அவ புள்ளைக்குப் பால் குடுக்கிறவ. நான் போறேன் சார், எழுதிக்குங்க" என்றாள் அலர்மேல்மங்கை.

அவளுக்கு மட்டும் வீடு இல்லையா? படுக்கையோடு கிடக்கிற அப்பா இருக்கிறார், நைனா என்றுதான் கூப்பிடுவாள். இப்போது விடியலில் சித்தூர் பஸ் ஏறுகிறாள். நைனாவுக்கு மத்தியானச் சோற்றை வார்டு நர்சுகள் முறை வைத்து ஊட்டுகிறார்கள். ஒருத்தி போகும்போது அடுத்தவளிடம், அவர் எவ்வளவு துன்னார் என்று ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறாள். சித்தூரிலும் கட்டில் கட்டிலாக ஒப்படைக்கும் வழக்கத்தை அவள் தொடங்கிவிட்டாளாம்.

'கொஞ்சமும் யோசிக்கவில்லை, முகத்தில் பயமே இல்லை' என்று அவளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். என் முட்டித் தையலைப் பிரிக்க வீட்டுக்கு வந்திருந்த ஹரிதா தோளுக்கு மேலாகப் படித்தாள்.

"ஆயா, பயம் இல்லன்னு எழுதிக்கீறீங்களே, பார்த்தீங்களா?"

"முகத்தைப் பார்த்தேனே."

"மேனேஜர் போன அப்பால துணி ரூம்ல நான் பார்த்தேன். பெட்ஷீட்டுல மூஞ்சிய வச்சிக்கினு நடுங்கிக்கினு இருந்தாங்க. 'நைனாவ யாரு பார்த்துக்குவாங்க, தெரியல ஹரிதா'ன்னாங்க. அப்புறம் மூஞ்சிய கழுவிக்கினு வந்துதான் உங்களுக்கு ஊசி போட்டாங்க. அதையும் எழுதுங்க."