கோட்டைச் சுரங்கமும் பத்து நாள் வாய்ப்பூட்டும்

என் சிநேகிதி பேச ஆரம்பித்தால் பஸ்கூட நின்று கேட்கும் என்பார்கள். அது பொய். பஸ் நிற்காது. அவள் பேச்சில் பொன்னேரி பஸ்ஸை நாங்கள் கோட்டைவிட்டது மட்டும் பலமுறை நடந்திருக்கிறது. நான் உள்ளதை உள்ளபடி சொல்கிற ஆள். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

நாங்கள் இருவரும் பழவேற்காடு ஏரியில் இறால் தடவுகிறவர்கள். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீரில் முட்டிபோட்டு நகர்ந்தபடியே சேற்றைக் கையால் துழாவ வேண்டும். அகப்பட்டதைப் பறி என்கிற பனையோலைக் கூடைக்குள் போட வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வோம். கலங்கல் தண்ணீரில் கண்ணால் ஒரு பிரயோஜனமும் இல்லாததால் அதையும் மூடிக்கொள்வோம். ஒரு நாளில் அவள் வாய் சும்மா இருப்பது அந்த நாலு மணி நேரந்தான். அந்த நிம்மதிக்காகத்தான் நான் தொழிலுக்கே போகிறேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். அதில் பாதி உண்மை.

எனக்கு ஒரு பெயர் இருந்தது. ஏரியில் ஒரு இடத்தில் யார் முதலில் இறங்கினார்கள் என்று பெண்களுக்குள் சண்டை வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். நான் சொன்னால் அதோடு முடிந்தது. என் சொந்த நாத்தனாருக்கு எதிராகவே சொல்லியிருக்கிறேன். அவள் இரண்டு தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பெயரால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

வம்பு ஆரம்பித்தது இறால் கொட்டகையில். பொன்னேரியிலிருந்து மொபெட்டில் ஐஸ் பெட்டியோடு வருகிற வியாபாரி ஒருவர் இருந்தார். பெரிய உடம்பு, பெரிய மீசை, சின்னப் பொறுமை. அவர் எடை போடும்போது என் சிநேகிதி டச்சுக்காரன் கோட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கோட்டை என்றால் இப்போது வேலிக்காத்தான் முள் மண்டிய ஒரு மேடு, சுற்றி அகழி, அவ்வளவுதான். அந்த மேட்டுக்குள்ளிருந்து டச்சுக்காரன் கல்லறை வரைக்கும் ஒரு சுரங்கம் போகிறதாம்.

"இன்னாத்துக்குமே சுரங்கம்?" என்றாள் ஒருத்தி.

"பொணத்த எடுத்துனு போவத்தான். வெள்ளக்காரன் பொணம் வெயில்ல போனா கருத்துப் பூடும்ல? அதான் கீழயே எடுத்துனு போனாங்க."

வியாபாரி தராசை விட்டுவிட்டார். "தா, சும்மா எல்லார் காதுலயும் பூ சுத்தாத. சுரங்கமும் இல்ல ஒண்ணும் இல்ல. நெசமாவே இருந்துச்சுன்னா பத்து நாளு நான் இங்க வாயத் தொறக்க மாட்டேன், நீ பேசறதக் கேட்டுக்குனு ஒக்காந்துருக்கேன். இல்லன்னு வெச்சுக்கோ, பத்து நாளு நீ வாயத் தொறக்கக் கூடாது. இன்னா சொல்ற?"

கொட்டகையே கை தட்டியது. நானும் தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

"சரிண்ணா! அகழிக் கரையில பொந்து கீது, நானே பாத்துருக்கேன். வா, காட்றேன்."

"என் ஒடம்புக்கு அந்தப் பொந்துல எங்க பூர்றது?" என்று அவர் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைக் காட்டினார். "இந்தம்மா போயி பாத்துட்டு வந்து சொல்லட்டும். அது சொன்னா நான் ஒத்துக்கறேன்."

மறுநாள் மத்தியானம் ஏரி வற்றிய நேரத்தில் கிளம்பினோம். என் வீட்டுக்காரரின் டார்ச்சை எடுத்துக்கொண்டோம்; பேட்டரியைக் காலையிலிருந்து வெயிலில் காயவைத்திருந்தேன். ஒரு கயிறும் எடுத்துக்கொண்டோம். அதை அவள் தன் இடுப்பில் கட்டி மறுமுனையை என் கையில் கொடுத்தாள். "ஒரு தபா இழுத்தேன்னா நல்லா கீறேன்னு அர்த்தம். ரெண்டு தபா இழுத்தேன்னா நீ உள்ள வா. மூணு தபா இழுத்தேன்னா ஓடிப்பூடு." மூன்று தடவை இழுக்கும்படி உள்ளே என்ன வரும் என்று கேட்டேன். "அது வந்தாதான தெரியும்" என்றாள்.

பொந்து நிஜமாகவே இருந்தது. அகழிக் கரையில், முள்ளுக்குக் கீழே, செங்கல் வைத்துக் கட்டிய வளைவு. பாதிக்கு மேல் மண்ணில் புதைந்திருந்தது. மிச்சத்தில் ஒரு ஆள் தவழ்ந்து போகலாம். உள்ளே கணுக்கால் அளவுக்குக் கறுப்புத் தண்ணீர். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு பேசியபடியே உள்ளே போனாள். "எப்பேர்ப்பட்ட செங்கல்லு பாரு... இங்க ஒரு தவளை கீது, உன் நாத்தனா மாதிரியே பாக்குது... அந்தக் காலத்துல பொணத்தத் தூக்குனவனுக்கு முதுகே போயிருக்கும்..." நான் வெளியே உட்கார்ந்து கயிற்றை விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். குரல் தூரமாகிக்கொண்டே போனது, ஆனால் நிற்கவில்லை.

பிறகு நின்றது.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு கொக்கு வந்து அகழியில் இறங்கியது. காற்று நன்றாக வந்தது. ஆகா, பத்து நாளும் இப்படித்தானே இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். அது கனமே இல்லாமல் கையோடு வந்தது. முனையில் ஆள் இல்லை.

கூப்பிட்டேன். பதில் இல்லை. வளைவுக்குள் தலையை விட்டுக் கத்தினேன். என் குரல்தான் திரும்பி வந்தது. டார்ச் வெளிச்சமும் இல்லை. அவளைத் தெரிந்த நாளிலிருந்து கூப்பிட்டும் அவள் பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது. கூப்பிடாமலே பத்துப் பதில் சொல்லுகிறவள். செத்துப்போய்விட்டாள் என்றே முடிவு செய்தேன். அவள் பிள்ளைகளிடம் என்ன சொல்வது என்பது வரை யோசித்துவிட்டேன்.

கயிற்றைப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தேன். நுழைந்தேன் என்று சுலபமாக எழுதிவிட்டேன். டச்சுக்காரன் என் இடுப்பைக் கணக்கில் வைத்துக் கட்டவில்லை. வளைவில் சிக்கி, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல், கால் இரண்டும் வெளியே உதைத்துக்கொண்டிருக்க, எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். கடைசியில் மேல் செங்கல் ஒன்று பெயர்ந்து விழுந்து வழிவிட்டது. அழுதுகொண்டே கும்மிருட்டில் தவழ்ந்தேன். கை நீட்டிய இடத்தில் குளிர்ந்த ஒரு கால் தட்டுப்பட்டது.

வீறிட்டேன். அந்தக் கால் என் மூக்கில் ஒரு உதை விட்டது.

"ம்ம்ம்ம்!" என்றது இருட்டு.

இவ்வளவுதான் நடந்திருக்கிறது. தவழ்ந்து போகும்போது சுவரில் செங்கல் பெயர்ந்த சந்தில் அவள் கை பட்டிருக்கிறது. சந்துக்குள் நண்டு. கை நண்டை உணர்ந்ததும் மற்றதெல்லாம் தானாக நடந்துவிட்டது. இடைஞ்சல் என்று கயிற்றை அவிழ்த்துவிட்டாள். டார்ச்சை அணைத்து ஜாக்கெட்டுக்குள் செருகிவிட்டாள். இடுப்பில் எப்போதும் தொங்குகிற பறியைப் பல்லில் கடித்துக்கொண்டாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தோள் வரைக்கும் கையைச் சந்துக்குள் விட்டு, சுரங்கத்தை மறந்து தொழில் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. பறியைக் கடித்தபடி எப்படிப் பதில் சொல்வது?

அவள் தலைமுடியைப் பிடித்து இரண்டு அடி அடித்தேன். கட்டிக்கொண்டு அழுதேன். மறுபடியும் ஒரு அடி அடித்தேன். அவள் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"கத்தாதமே, பெருசு ஒண்ணு கீது. உள்ள போயிடும்."

போகவில்லை. என் மூக்கு அளவுக்குத் தடித்த கொடுக்கோடு அது வெளியே வந்தது, அதாவது உதை வாங்கி வீங்கியிருந்த மூக்கு. அதற்கு முன்பே பறிக்குள் இரண்டு நண்டு இருந்தன. இதையும் உள்ளே போட்டுவிட்டுத்தான் நான் அழுததை அவள் கவனித்தாள். "இன்னாத்துக்குமே அழுவற?" என்றாள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

டார்ச்சைப் போட்டு இன்னும் உள்ளே போனோம். நாலு ஆள் நீளம் போனதும் சுவர். அதற்கு மேல் வழியே இல்லை. சுவருக்கு மேலே கை நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அதிலிருந்து கீழே வழுவழுப்பாக ஒரு சரிவு. தரையும் அகழியைப் பார்த்துச் சரிந்திருந்தது. அவள் வெளிச்சத்தை மேலும் கீழும் அடித்துப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

"சாக்கடமே" என்றாள் மெதுவாக. "டச்சுக்காரன் கக்கூஸ் தண்ணி போன சாக்கட."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

தோற்றவள் தண்டனையை அங்கேயே ஆரம்பித்துவிட்டாள். அகழியில் கழுவிக்கொண்டபோது பேசவில்லை. கல்லறை வாசலைத் தாண்டினோம். அங்கே இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். எப்போது அந்த வழியாகப் போனாலும் அவற்றைப் பார்த்து, 'சோறு துன்னியா நைனா' என்று கேட்பாள். அன்றைக்குக் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, நண்டுப் பறியைக் கையில் பிடித்தபடி நடந்தாள். நான் வருஷக்கணக்காக வேண்டிக்கொண்ட அமைதி இதுதான். அது என்னால் தாங்கக்கூடியதாக இல்லை. மறுபடியும் அந்தப் பொந்து வாசலில் ஆளில்லாத கயிற்றோடு உட்கார்ந்திருப்பது மாதிரியே இருந்தது. இவள் பேசினால்தான் எனக்கு மூச்சு வருகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்ததும் அவள் மேல் கோபமாக வந்தது.

கொட்டகையில் எல்லாரும் காத்திருந்தார்கள். வியாபாரி மீசையைத் தடவிக்கொண்டு எங்கள் ஈரக் கோலத்தையும் என் மூக்கையும் பார்த்தார்.

"இன்னாம்மா, கீதா இல்லியா?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கீது" என்றேன்.

"இன்னாது?"

"சுரங்கம் கீதுண்ணா. கல்லற வரைக்கும் போவுது. எலும்புக்கூடு வாசலாண்ட போயி ஏறுது."

"நீயே பாத்தியா?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது, ஆனால் அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. வியாபாரி வேறு யாரையும் கேட்கவில்லை. நான் சொன்னால் முடிந்ததுதானே. பத்து நாள் அந்த மனிதர் தராசின் பின்னால் உட்கார்ந்து, டச்சுக்காரன் பொணம் எப்படிப் போனது, எந்த இடத்தில் குனிந்தார்கள், எந்த இடத்தில் இறக்கிவைத்துத் தண்ணீர் குடித்தார்கள் என்பதையெல்லாம் அவள் வாயால் கேட்டார். ஆறாவது நாள் அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை நான் பார்த்தேன். அந்த வருஷ மழைக்கே கரை சரிந்து பொந்து மூடிக்கொண்டது; இனி யாரும் உள்ளே போய்ப் பார்க்க முடியாது. நான் அகழிப் பக்கம் போய் ஒரு கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தேன்.

போன மாதம் நாங்கள் இரண்டு பேரும் பொன்னேரியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். ஊர் பார்க்க வந்த ஒரு குடும்பம் எதிரே உட்கார்ந்திருந்தது. ஆட்டோ ஓட்டியவர் அவர்களுக்குச் சுரங்கத்தைப் பற்றிச் சொன்னார். அதெல்லாம் கட்டுக்கதையாக இருக்கும் என்றார் அந்தக் குடும்பத்துக்காரர்.

"கதை இல்ல சார். எங்க ஊர்ல ஒரு அம்மா உள்ள போயி பாத்துட்டு வந்துருக்காங்க. அவங்க வாயில பொய்யே வராது."

எனக்கு முகம் சுட்டது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். சோறு வெந்ததைக்கூட ஊருக்குச் சொல்லாமல் இருக்க முடியாதவள், இத்தனை வருஷத்தில் யாரிடமும், தன் புருஷனிடம்கூட, சாக்கடை என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. இப்போதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பறியைக் கடித்திருப்பது மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.