கடைசிக் குடம்

எங்கள் லைன் வீட்டில் தண்ணீர் பிடிக்க ஒரு வரிசை உண்டு. வீட்டுக்காரம்மா முதலில், அடுத்து உள்ளூர் நெசவுக்காரர்கள், பிறகு தெற்கிலிருந்து பிழைக்க வந்த நாங்கள். ஒடிசாக்காரி கடைசி. நானும் அவளும் வேலை பார்ப்பது ஒரே பனியன் கம்பெனியில், ஒரே மேசையில்.

அன்று அவள் குழந்தைக்குக் காய்ச்சல். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாயில் தண்ணீரோ இளைத்துக்கொண்டே வந்தது.

"அவளை முன்னால விடுங்கம்மா" என்றேன் வீட்டுக்காரம்மாவிடம்.

"நீ மட்டும் வந்தன்னிக்கே முன்னாடியா நின்னே கண்ணு?" என்று சிரித்தார்.

இல்லைதான். என் குடத்தில் பாதியை அவளுக்கு ஊற்றினேன். குழந்தை தேறிவிட்டது.

இப்போது பீகார்க் குடும்பம் ஒன்று குடிவந்திருக்கிறது. அவர்களுக்கும் கைக்குழந்தை. நேற்று ஒடிசாக்காரி தன் குடத்தை அவர்கள் குடத்துக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள். என் குடம் அவளுக்கு முன்னால்தான் இருந்தது.